பேய்ப்படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி? தேறும் படத்தை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பேய்ப்படம் நல்லதா இல்லையா என்பதை முதல் முறை பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். இருட்டான தியேட்டர், பக்கத்து சீட்டின் அலறல், காதை அடைக்கும் சத்தம், அடுத்து என்ன வருமோ என்ற பதைப்பு எல்லாம் சேர்ந்து சுமாரான படத்தையும் தூக்கி நிறுத்திவிடும். பேய் எந்தக் கதவு வழியாக வரும், கொலைகாரன் யார் என்பதெல்லாம் தெரிந்தபின் அதே படத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் எழுதியவரும் இயக்கியவரும் செய்திருக்கும் வேலை கண்ணில் படும்.

ரகசியம் தெரிந்தும் மக்கள் திரும்பப் போகிறார்கள் என்பதற்கு 2024ஆம் ஆண்டே சாட்சி. 2018இல் வந்த ‘தும்பாட்’ முதல் வெளியீட்டில் வசூலித்ததைவிட, 2024 செப்டம்பர் மறுவெளியீட்டில் அதிகம் வசூலித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால், 1993ஆம் ஆண்டின் ‘மணிச்சித்திரத்தாழ்’ 4கே தரத்தில் கேரளத் தியேட்டர்களுக்குத் திரும்ப வந்தது. அந்தப் படத்தின் முடிச்சு தெரியாத மலையாளி அநேகமாக யாரும் இருக்க முடியாது. அப்படியிருந்தும் கூட்டம் வந்தது.

தேறும் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுக் குணம் தெரிகிறது. முதல் முறை நம்மைப் பயமுறுத்திய அதே காட்சி இரண்டாம் முறை நம்மை வருத்துகிறது. பயம் இருந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த இரக்கம் வராத படத்தில் பயம் போனதும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதைச் சோதித்துப் பார்க்கத்தான்.

ஒரு எச்சரிக்கை. மணிச்சித்திரத்தாழ், சந்திரமுகி, தி சிக்ஸ்த் சென்ஸ், கெட் அவுட், சைக்கோ, தி திங், பீட்சா, யாவரும் நலம் ஆகிய படங்களின் முடிச்சுகளை இங்கே முழுசாக அவிழ்த்திருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

படி 1: உட்காரும் முன் நினைவிலிருந்து எழுதுங்கள்

படத்தைப் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, முதல் முறை பார்த்ததில் என்னென்ன நினைவிருக்கிறது என்று எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். எந்தக் காட்சி மனதில் நிற்கிறது, எங்கே பயந்தீர்கள், எங்கே போனை எடுத்துப் பார்த்தீர்கள், யார் மேல் சந்தேகப்பட்டீர்கள் என்பவை போதும்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் இரண்டாம் பார்வை முடிந்ததும் “எனக்கு அப்பவே தெரியும்” என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிடும். முடிவு தெரிந்தபின் முதல் முறை என்ன நினைத்தோம் என்பதை நேர்மையாக நினைவுகூர யாராலும் முடிவதில்லை. மணிச்சித்திரத்தாழில் வீடே சந்தேகிக்கும் பெண் ஸ்ரீதேவி; தாளில் “ஸ்ரீதேவிதான் என்று நினைத்தேன்” என்று எழுதியிருந்தால் தப்பிக்க வழியில்லை. நம்மை அப்படி நம்பவைக்கப் படம் என்ன செய்தது என்று தேடிப் போகலாம்.

இடைவெளியும் முக்கியம். மறுநாளே பார்த்தால் காட்சிகள் அப்படியே மனதில் ஓடிக்கொண்டிருக்கும், எதுவும் புதிதாகப் படாது. முடிச்சு மட்டும் நினைவிருந்து, அதற்கான வழி மங்கியிருக்கும் நேரம்தான் சரி. அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

படி 2: அதே படத்தைத்தான் பார்க்கிறீர்களா?

பேய்ப்படங்களில் இது அடிக்கடி நடக்கும் குழப்பம். 1973இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படமும் 2000இல் கூடுதல் காட்சிகளோடு வெளியான பதிப்பும் ஒன்றல்ல. பேய் பிடித்த சிறுமி படிக்கட்டில் தலைகீழாகச் சிலந்திபோல் இறங்கும் காட்சி பின்னதில் சேர்க்கப்பட்டது. ‘தி ஷைனிங்’ அமெரிக்கப் பதிப்பு 144 நிமிடம், ஐரோப்பாவில் ஓடியது 119 நிமிடம். இருபத்தைந்து நிமிடம் வெட்டினால் ஓட்டலின் மௌனமே வேறு மாதிரி ஆகிவிடும். ஆக, தளத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பிங்கில் பார்த்த படமென்றால் இரண்டாம் முறை மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். கதை தெரிந்திருப்பதால் எழுத்தை விட்டுவிட்டுக் குரலைக் கேட்கலாம். அறையை இருட்டாக்குங்கள், போனை வேறு அறையில் வையுங்கள், டிவியின் சொந்த ஸ்பீக்கரைவிட நல்ல ஹெட்போன் மேல். வேறெந்த ஏற்பாடும் தேவையில்லை.

படி 3: திடுக்கிடலையும் பயத்தையும் பிரியுங்கள்

திடுக்கிடுவது உடம்பின் வேலை. எதிர்பாராமல் பெரிய சத்தம் கேட்டால் கண் இமைக்கும், தோள் குலுங்கும். அதற்குக் கதையும் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம். சமையலறையில் குக்கர் மூடி விழுந்தாலும் அதே குலுக்கல்தான். திரும்பத் திரும்ப நடந்தால் அது மழுங்கும் என்பதும் உடம்பின் இயல்பு. பேய்ப்படங்களில் இரண்டாம் முறை முதலில் செத்துப்போவது இதுதான்.

தாளில் இரண்டு பத்தி கிழித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் திடுக்கிட்ட இடங்கள், இன்னொன்றில் வயிறு கலங்கிய இடங்கள். பிறகு முதல் பத்தியில் இருக்கும் காட்சிகளைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனதும் காட்சியில் எதுவும் இல்லையென்றால், உங்களைப் பயமுறுத்தியது படம் இல்லை, ஸ்பீக்கர்.

இப்படித் திடீரென்று துள்ள வைக்கும் ஜம்ப் ஸ்கேர் எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. இந்த உத்திக்கே மூலமாகச் சொல்லப்படும் காட்சி 1942ஆம் ஆண்டின் ‘கேட் பீப்பிள்’ படத்தில் இருக்கிறது. ஜாக் டூர்னர் இயக்கியது, தயாரிப்பு வால் லூட்டன். இரவில் பூங்கா ஓரத்துச் சாலையில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள். இரண்டு ஜோடி செருப்பின் ஒலி மாறி மாறிக் கேட்கிறது. திடீரென்று பின்னால் வந்த ஒலி நிற்கிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை, வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். அப்போது ஒரு பஸ் உறுமிக்கொண்டு திரையில் பாய்கிறது. முதல் முறை நாம் துள்ளுவது பஸ்ஸுக்கு. இரண்டாம் முறை பஸ் வரும் என்று தெரியும், அது ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தச் செருப்பொலி நிற்கும் கணம் இப்போதுதான் உறைக்கும். நடந்து வந்தவள் எங்கே போனாள்? சிறுத்தையாக மாறக்கூடியவள் என்று சந்தேகிக்கப்படும் அவள் இனி எத்தனை காலில் நடக்கிறாள்? அந்தக் கேள்விக்காகவே காட்சியை மறுபடி பார்க்கலாம்.

‘சைக்கோ’ இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடனான நேர்காணலில் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால், மேலே நடக்கும் வெட்டிப்பேச்சு முழுக்கப் பதைப்பு. இரண்டாம் முறை பார்க்கும் எல்லோருக்கும் குண்டு இருப்பது தெரியும். எனவே அதிர்ச்சியை நம்பி எடுத்த படம் இரண்டாம் முறை இளைத்துவிடும், பேச்சும் காத்திருப்புமாகப் போகும் படம் கொழுக்கும். முடிவு தெரிந்தால் பதைப்பு எப்படி வரும் என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989இல் இதைச் சோதித்திருக்கிறார். எல்லோருக்கும் விடை தெரிந்த வரலாற்றுச் சம்பவத்தைக்கூடச் சந்தேகம் எழும்படி சொன்னால், படிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே உறுதிசெய்யக் கொஞ்சம் தடுமாறினார்கள். கதைக்குள் போய்விட்டால் தெரிந்த முடிவு நம்மை முழுசாகக் காப்பாற்றுவதில்லை.

படி 4: கண்ணை இடம் மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முதல் முறை நாம் பயப்படுகிறவரோடு சேர்ந்து பார்த்தோம். இரண்டாம் முறை ரகசியம் தெரிந்தவரைப் பாருங்கள். அவர் ஓரமாக நின்றாலும், பேசாமல் இருந்தாலும், கேமரா வேறு முகத்தைக் காட்டினாலும் அவரையே தேடுங்கள்.

ஜோர்டன் பீல் இயக்கிய ‘கெட் அவுட்’ (2017) இதற்குப் பாடம் போன்ற படம். கறுப்பின இளைஞன் கிறிஸ், தன் வெள்ளைக்காரக் காதலி ரோஸின் பெற்றோரைப் பார்க்கப் போகிறான். வழியில் காரில் மான் மோதுகிறது. போலீஸ்காரர் வருகிறார். வண்டி ஓட்டியது ரோஸ். ஆனால் அவர் கிறிஸின் அடையாள அட்டையைக் கேட்கிறார். கிறிஸ் எடுக்கப் போகிறான். ரோஸ் தடுக்கிறாள், வாதாடுகிறாள், கோபப்படுகிறாள். போலீஸ்காரர் விட்டுவிட்டுப் போகிறார். முதல் முறை பார்க்கும்போது அவள் மேல் மரியாதையே வரும். காதலனுக்காக நிறவெறியை எதிர்த்து நிற்கிறாள் அல்லவா!

ரோஸின் குடும்பம் கறுப்பினத்தவரின் உடல்களைத் திருடி, அதில் வெள்ளையர்களின் மூளையைப் பொருத்துகிறது, ஆள் பிடித்து வருவதே ரோஸின் வேலை என்று தெரிந்தபின் இதே காட்சியைப் பாருங்கள். கிறிஸ் அந்தச் சாலையில் போனான் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது. அதனால்தான் அட்டையைக் கொடுக்க விடவில்லை. வசனத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, நடிப்பில் ஒரு அசைவு மாறவில்லை, அர்த்தம் மட்டும் தலைகீழ். கிறிஸ் அவளை நன்றியோடு பார்ப்பதை இரண்டாம் முறை பார்க்கவே முடியவில்லை எனக்கு.

வீட்டுக்குள் போனபின்னும் இதே கதைதான். ரோஸின் அப்பா வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, தன் அம்மாவுக்குச் சமையலறை மிகவும் பிடிக்கும், அதனால் அவளின் ஒரு பகுதியை இங்கேயே வைத்திருக்கிறோம் என்கிறார். அங்கே வேலைக்காரி ஜார்ஜினா நிற்கிறாள். அவள் தலைக்குள் இருப்பது அந்த அம்மாவேதான். தாத்தா 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் தகுதி ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் தோற்றதை அவர் சொல்கிறார். பிறகு ஒரு இரவில் தோட்டக்காரன் கிறிஸை நோக்கி வெறியாக ஓடி வந்து கடைசி நொடியில் திரும்பிப் போகிறான். முதல் முறை அது காரணமில்லாத பயங்கரம். இரண்டாம் முறை, திருடிய காலில் ஓடிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவன். அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் உள்ளே எங்கோ அடைபட்டுக் கிடக்கிறான் என்ற நினைப்பு வரும்போது பயத்தைவிடக் கனமாக ஏதோ நெஞ்சில் இறங்குகிறது.

மனிதரைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982) தொடக்கத்தில் அண்டார்க்டிகாவின் பனியில் ஒரு நாய் ஓடி வர, ஹெலிகாப்டரிலிருந்து நார்வேக்காரர்கள் அதைச் சுடுகிறார்கள். தரையிறங்கியபின் அவர்களில் ஒருவன் ஏதோ கத்துகிறான். சப்டைட்டில் கிடையாது. அது நாய் இல்லை, விலகிப் போங்கள் என்றுதான் கத்துகிறான். நார்வே மொழி தெரிந்தவருக்குப் படம் ஆரம்பத்திலேயே உடைந்துவிடும். இரண்டாம் முறை அந்த நாயை மட்டும் பாருங்கள். தாழ்வாரத்தில் அது நடக்கும் நிதானம், ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று பார்க்கும் விதம், யாரிடமும் வாலாட்டாத அமைதி!

கங்காவைப் பாருங்கள்

இந்தப் படியின் முழு வீச்சையும் காட்டும் படம் என்று நான் கருதுவது ஃபாசில் இயக்கிய மணிச்சித்திரத்தாழ். மது முட்டம் எழுதியது. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. நம்மில் பலர் 2005இல் ‘சந்திரமுகி’யைப் பார்த்துவிட்டுத்தான் மூலப்படத்துக்குப் போனோம். அதாவது மூலத்தை முதல் முறை பார்க்கும்போதே நாம் முடிச்சு தெரிந்த ஆட்கள். அப்படிப் பார்த்தும் அந்தப் படம் பிடித்து உலுக்குகிறது என்றால், அது தேறிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

முதல் பார்வையில் நம் கண், பழைய வீட்டின் தெற்குப் பகுதியான தெக்கினியின் பூட்டிய கதவில் இருக்கும். இரவில் உள்ளிருந்து வரும் பாட்டு, சலங்கை ஒலி, எரியும் புடவை. சந்தேகம் ஸ்ரீதேவி மேல் திரும்பும்படி படம் பார்த்துக்கொள்கிறது. உண்மையில் இதையெல்லாம் செய்வது, தன்னை நாகவல்லியாகவே நினைத்துக்கொள்ளும் அந்த வீட்டு மருமகள் கங்கா. இரண்டாம் பார்வையில் கதவை விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத காட்சிகளில் கங்காவைப் பாருங்கள். பழைய வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் வேண்டாம் என்று தடுக்கும் அறையின் மேல் அவளுக்கு வரும் ஆசை, சாவி செய்து வாங்கும் வேகம், முன்னொரு காலத்தில் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லியின் கதையை வாய் மூடாமல் கேட்கும் முகம். தெக்கினிக்குள் நின்று நாகவல்லியின் படத்தையும் நகைகளையும் காட்டி அவள் பேசும்போது குரலைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்கிற குரல். போகப்போகத் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிற குரலாகிவிடுகிறது. ஷோபனா இதைக் கண்ணை உருட்டாமல், மிகச் சின்ன அளவில் செய்திருக்கிறார். முதல் முறை இது சுவாரசியமாகக் கதை சொல்லும் பெண் என்றுதான் படும்.

அவள் புருஷன் நகுலனையும் பாருங்கள். நல்லவன், மனைவி மேல் அன்புள்ளவன். ஆனால் வேலையிலேயே மூழ்கியிருக்கிறான். அவள் ரசித்துப் படிக்கும் கவிதைகளை எழுதிய மகாதேவன் எதிர்வீட்டில், நாகவல்லியின் காதலன் ராமநாதன் வாழ்ந்த அதே வீட்டில் இருக்கிறான். பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியோடு கதை கேட்டு வளர்ந்து, அந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட பெண் அவள் என்பது பிற்பாதியில்தான் நமக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டு முதலிலிருந்து பார்க்கும்போது அந்தப் பெரிய வீட்டில் கங்கா எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் உறுத்துகிறது. நாகவல்லி அவளைப் பிடிக்கவில்லை. இவள்தான் போய் நாகவல்லியைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீதேவி பக்கமும் ஒரு பார்வை போக வேண்டும். ஜாதக தோஷத்தால் வாழ்க்கை தடைப்பட்ட ஒருத்தியை வீடே சந்தேகிக்கிறது, முதல் முறை நாமும் சேர்ந்து சந்தேகித்தோம். படி 1இல் எழுதிய தாள் இங்கேதான் சுடும்.

தமிழர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தக் கேரளத்து வீட்டுக்குள் நாகவல்லி பேசுவது தமிழ். மற்ற பாத்திரங்களுக்கு அந்நியமாக ஒலிப்பது நமக்குச் சொந்த மொழி. தமிழ் ரீமேக்கில் அந்த நாட்டியக்காரி தெலுங்கு பேசுகிறவளாக மாறினாள். மூலத்தில் அவள் கெஞ்சுவதும் சீறுவதும் நமக்கு மொழிபெயர்ப்பில்லாமல் நேராக வந்து சேர்கிறது. அவளை வில்லியாகப் பார்க்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 5: படம் பொய் சொன்னதா, மறைத்ததா?

மறைப்பது இயக்குநரின் உரிமை. பொய் சொல்வது வேறு. ட்விஸ்ட் உள்ள எந்தப் படத்தையும் இரண்டாம் முறை பார்க்கும்போது இந்த வித்தியாசத்தை இரக்கமில்லாமல் சோதிக்க வேண்டும்.

மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளனின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ (1999) மறைப்பதில் கை தேர்ந்த படம். சிறுவன் கோல் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருகிறான். கூடத்தில் அவன் அம்மாவும் மனநல மருத்துவர் மால்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இதுவரை இருவரும் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். திரையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா மால்கமைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. மால்கம் ஏற்கெனவே இறந்துபோனவர், கோலின் கண்ணுக்குத்தான் தெரிகிறார்; அவளைப் பொறுத்தவரை அந்த நாற்காலி காலி. திருமண நாள் விருந்துக்கு மால்கம் தாமதமாக வரும் உணவகக் காட்சியும் இப்படித்தான். அவர் நாற்காலியை இழுப்பதில்லை, பில்லை நோக்கிக் கை நீட்டும்போது மனைவி எடுத்துக்கொள்கிறாள். கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தோம். இரண்டாம் முறை பார்த்தால், இறந்துபோன புருஷனுக்காகத் தனியாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு விதவை. எந்த இடத்திலும் படம் பொய் சொல்லவில்லை. தவறாகப் புரிந்துகொண்டது நாம்தான், அதற்கு இடம் விட்டது மட்டுமே இயக்குநர் செய்தது.

கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) கொஞ்சம் சிக்கலான வழக்கு. பீட்சா கொண்டுபோகும் மைக்கேல் ஒரு பேய்வீட்டில் மாட்டிக்கொள்ளும் நீண்ட பகுதி முழுக்க அவன் முதலாளியிடம் சொல்லும் கட்டுக்கதை. முதலாளியின் வைரத்தை மறைக்கப் பேயை இட்டுக்கட்டினான். நாம் கண்ணால் பார்த்தது நடக்கவே இல்லை. இது பொய்தானே? ஹிட்ச்காக் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) படத்தில் பொய்யான ஃப்ளாஷ்பேக்கைக் காட்டியதற்கு ரசிகர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள், அதைச் செய்திருக்கக் கூடாது என்று அவரே பின்னாளில் சொன்னார்.

என் தீர்ப்பு பீட்சாவுக்குச் சாதகம். பொய் சொல்வது மைக்கேல், படம் இல்லை. அவன் காதலி அனு பேய்க்கதை எழுத முயலும் பெண் என்பதைப் படம் ஆரம்பத்திலேயே திறந்து வைத்துவிட்டது. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அனு எழுதிய திரைக்கதையாகத் தெரியும். விஜய் சேதுபதி நடிப்பதும் இரட்டை நடிப்பாகிறது. பயந்தவனாக நடிக்கும் ஒருவனை அவர் நடிக்கிறார். வீட்டுக் காட்சிகளின் பயம் இரண்டாம் முறை குறையும் என்பது உண்மைதான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் முதலாளியிடம் உட்கார்ந்து கதை சொல்லும் காட்சிகள் முதல் முறையைவிடச் சுவையாகும்.

‘யாவரும் நலம்’ (2009) வேறு வழியில் தேறுகிறது. மனோகர் தனியாக ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட், தினமும் திரியும் பால், குடும்பத்தில் நடப்பதை அப்படியே காட்டும் டிவி சீரியல். முதல் முறை அத்தனையும் துரத்தும் பேயின் தொல்லை. கொல்லப்பட்ட குடும்பம் தனக்கு நியாயம் கேட்டு அவனைத் தட்டித் தட்டி அழைத்துக்கொண்டிருந்தது, கொன்றவன் பக்கத்திலேயே நல்லவனாக உலவிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தபின் அந்த லிஃப்ட் காட்சியே வேறு. விக்ரம் கே. குமாரின் திரைக்கதையில் அந்த ஆவிகளுக்குப் பேச வாய் இல்லை, கையில் கிடைத்ததைக் கொண்டு பேசுகின்றன.

சோதனை முறை எளிது. ட்விஸ்ட்டுக்கு முந்தைய ஏதாவது ஐந்தாறு காட்சிகளை எடுத்து, உண்மை தெரிந்த பாத்திரம் இந்த இடத்தில் இப்படித்தான் நடந்துகொள்ளுமா என்று கேளுங்கள். யாரும் பார்க்காதபோதும் குற்றவாளி அப்பாவிபோல் முகம் வைத்திருந்தால் அது நமக்காகச் செய்த பொய். அங்கே படம் மதிப்பெண் இழக்கிறது.

படி 6: விளக்கக் காட்சியை எடைபோடுங்கள்

பேய்ப்படங்களின் பெரிய பலவீனம் கடைசியில் ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்குவது. ‘சைக்கோ’ (1960) படத்தில் விடுதி நடத்தும் நார்மனும் அங்கே தங்க வந்த மரியனும் பாடம்செய்த பறவைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசும் காட்சி ஒவ்வொரு முறையும் வளர்கிறது. அம்மாவைப் பற்றி அவன் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம், பசியில்லாமல் ரொட்டியைக் கடிக்கும் மரியன் மேல் நமக்கு வரும் பாசம், சாகப் போகிறாள் என்ற தவிப்பு. அதே படத்தின் முடிவில் மனநல மருத்துவர் நின்றுகொண்டு கொடுக்கும் நீண்ட விளக்கம் இரண்டாம் முறை பாரமாக இருக்கிறது. தெரிந்த விஷயத்தை மறுபடி சொல்வதைத் தவிர அதற்கு வேலையில்லை.

மணிச்சித்திரத்தாழில் மனநல மருத்துவர் சன்னி நகுலனிடம் விளக்கும் இடம் ஏன் தாங்குகிறது? கேட்பவன் புருஷன். விளக்கத்தைவிட அவன் முகம் உடைவதுதான் அங்கே காட்சி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பல படங்களை எளிதாக எடைபோடலாம்.

படி 7: இடம், ஒலி, வயதான தந்திரங்கள்

இது அவரவர் ருசியைப் பொறுத்தது, வேண்டாதவர்கள் தாண்டலாம். முகங்களை விட்டுவிட்டுச் சுவர்களைப் பாருங்கள். தி ஷைனிங்கில் ஓட்டல் மேலாளரின் அலுவலகம் கட்டடத்தின் நடுவில் இருக்கிறது. ஆனாலும் அவர் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் கொட்டும் ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னல் அங்கே இருக்க வழியில்லை. முதல் முறை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்ற உணர்வு மட்டும் தொற்றிக்கொள்கிறது.

பழைய படங்களின் தந்திரக் காட்சிகள் இரண்டாம் முறை உரிந்துபோவது சகஜம். முகமூடி முகமூடியாகவே தெரியும், 2000களின் கிராஃபிக்ஸ் இன்னும் மோசம். அதை வைத்து மட்டும் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். தி திங்கில் ராப் பாட்டின் குழு ரப்பரிலும் பிசினிலும் செய்த உருவங்கள் இன்றும் கலங்கடிக்கின்றன, காரணம் நடிகர்கள் எதிரே நிஜமாகவே ஒன்று நெளிகிறது. உருவம் தேய்ந்துபோன படத்தில் அதைப் பார்க்கும் மனிதரின் முகம் நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போதும்.

படி 8: முதல்முறை பார்ப்பவரோடு உட்காருங்கள்

தனியாகப் பார்த்து முடித்தபின், படத்தைப் பார்க்காத ஒருவரோடு இன்னொரு முறை பாருங்கள். தம்பியோ, அக்கா மகளோ, அறைத்தோழரோ யாராக இருந்தாலும் சரி. நீங்கள் பார்க்க வேண்டியது திரையை அல்ல, அவர்களை. எந்த இடத்தில் யாரைச் சந்தேகிக்கிறார்கள், எப்போது போனைத் தேடுகிறார்கள், “ஏய், இவ ஏன் இப்படிப் பேசுறா?” என்று எப்போது கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தால், உங்கள் இரண்டாம் பார்வையில் கண்டதெல்லாம் படத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

விதி ஒன்றே ஒன்று: வாயைத் திறக்கக் கூடாது. “இதை நல்லா பாரு” என்று சொன்னாலும் தப்பு, முக்கியமான இடத்தில் அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாலும் தப்பு. முன்கூட்டியே முடிவு தெரிந்தால் ரசனை கெடுவதில்லை என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட்டும் கிறிஸ்டன்ஃபெல்டும் செய்தது. ஆனால் அவர்கள் கொடுத்தது சிறுகதைகள், பேய்ப்படம் இல்லை, பின்னால் வந்த ஆய்வுகள் வேறு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. ஒருவருடைய முதல் பார்வை திரும்பக் கிடைக்காது. அதை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

படி 9: தீர்ப்பு

இப்போது தாளை எடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதினால் போதும். திடுக்கிட்ட இடங்களைக் கழித்தபின் என்ன மிஞ்சியது? குறைந்தது ஒரு காட்சியாவது முதல் முறைக்கு நேர்மாறான அர்த்தத்தோடு நின்றதா? படம் என்னிடம் பொய் சொன்னதா? பேய் மேல், அல்லது பேய் பிடித்தவர் மேல், எனக்கு இரக்கம் வந்ததா?

நான்காவதற்கு ஆம் என்று எழுதினால், மற்ற மூன்றில் கொஞ்சம் சறுக்கியிருந்தாலும் நான் அந்தப் படத்தைத் தேறியது என்பேன். முதல் மூன்றுக்கும் நல்ல பதில், நான்காவதற்கு இல்லை என்றால் அது நன்றாகச் செய்த புதிர், விடை தெரிந்தபின் அலமாரியில் வைத்துவிடலாம். அப்படிப்பட்ட படங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, திரும்ப அழைத்துப் பார்க்கும் ஆசை இல்லை.

ஒரு வகைப் படத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ (1999) போல, காட்டில் காணாமல்போனவர்களின் கேமராவில் கிடைத்த நிஜக் காட்சி என்று சொல்லி விற்ற படங்கள் அந்த நம்பிக்கையின் மேலேயே நிற்பவை. அது கற்பனை என்று தெரிந்தபின் பாதி பலம் போய்விடும். அவற்றை இந்தத் தாளில் வைத்து எடைபோடுவது அநியாயம். மீதிப் பாதியில், அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டிச் சோர்ந்துபோகும் விதத்தில், என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.